காஞ்சிரங்குளத்துப் பயறும் மெக்சிகோ மசியலும்

காலையில் புட்டும் பயறும் பப்படமும், இரவில் கஞ்சியும் பயறும். விழிஞ்ஞத்துக்கும் பூவாருக்கும் இடையில் இருக்கும் காஞ்சிரங்குளத்திலும், கிழக்கே பாறசாலை வரை நீளும் எல்லைக் கிராமங்களிலும் இந்த இரண்டு சேர்க்கையையும் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆனாலும் எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் பயறு ஒரே மாதிரிதான் வேகிறது. பூண்டும் சீரகமும் வற்றல்மிளகாயும் சதைத்துப் போட்டு, கைப்பிடித் தேங்காய்ப்பூ தூவி, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயில் இறக்கினால் முடிந்தது.

இதே வேலையை வேறு பயறு, வேறு கொழுப்பு கொண்டு மெக்சிகோ மக்கள் செய்கிறார்கள். வேகவைத்த பயறை மத்தால் மசித்து, சூடான கொழுப்பில் வெங்காயத்தோடு கிளறி எடுக்கும் அந்தப் பண்டத்துக்கு ‘ஃப்ரிஹோலெஸ் ரெஃப்ரிடோஸ்’ என்று பெயர். வடக்கு மெக்சிகோவில் புள்ளி போட்ட பின்டோ பயறு, தெற்கே கறுப்புப் பயறு. இப்போது இது டப்பாவில் அடைபட்டு உலகம் முழுக்கப் போகிறது. இந்தியப் பெருநகரங்களின் பெரிய கடைகளிலும் கிடைக்கிறது. அந்த டப்பாவை வாங்கவேண்டிய அவசியம் காஞ்சிரங்குளத்து வீடு எதற்கும் இல்லை. பலசரக்குக் கடையில் கிடைக்கும் கால் கிலோ வன்பயறும் வீட்டிலிருக்கும் பருப்பு மத்தும் போதும். உடல்நலத்தைப் பொறுத்தவரை, வீட்டில் செய்வதுதான் மேலும்கூட.

கஞ்சி நிறைய, பயறு கொஞ்சம்

கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் படித்த நடுத்தர வயதுக்காரர்களிடம் ‘உச்சக்கஞ்சி’ என்று சொல்லிப் பார்க்கலாம், முகம் மலரும். மாநில அரசு தன் சொந்தச் செலவில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது 1984-ல். பல ஆண்டுகள் அதன் அடையாளமே கஞ்சியும் பயறும்தான். மலிவு, எளிது, சத்துக் கணக்கிலும் பழுதில்லை. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, பயறில் அது ஏராளம். பயறில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது.

பிள்ளைகளுக்குச் சரியாக இருந்த அந்தத் தட்டு, நாற்பது ஐம்பது வயதில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குச் சரியாக இருக்கிறதா? 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு, கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. நாட்டின் சராசரி 11.4. கோவாவும் புதுச்சேரியும் மட்டுமே கேரளத்துக்கு மேலே இருந்தன. நாலு பேரில் ஒருவர் என்றால், எந்தக் குடும்பமும் விலகி நிற்க முடியாது.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பிடுபவர் நாளொன்றுக்கு 250 கிராம் தானியமும் 85 கிராம் பருப்பு-பயறும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. சமைக்காத எடையில் சொன்ன கணக்கு இது. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பயறு. நடப்பில் என்ன ஆகிறது? ஒரு கும்பா கஞ்சிக்கு ரெண்டு கரண்டி பயறு, அதுவும் தொட்டுக்கொள்ளும் கூட்டாக. பயறு தட்டின் ஓரத்துக்குப் போய்விட்டது. மசியலாகச் செய்தால் கிடைக்கும் முதல் ஆதாயமே இதுதான். தோசைக்குள் வைத்தோ, சப்பாத்தியோடோ, தனியாக ஒரு கிண்ணமாகவோ அதையே பிரதான உணவாகச் சாப்பிடலாம். அரிசி தானாகவே பின்னுக்குப் போகும்.

எந்தப் பயறு?

தமிழ்நாட்டில் காராமணி, தட்டைப்பயறு என்று வழங்குவதைத்தான் இந்தப் பக்கத்தில் வன்பயறு என்கிறார்கள். ஆப்பிரிக்காவில் பிறந்து, மிகப் பழங்காலத்திலேயே இந்தியாவுக்கு வந்து நிலைத்த பயிர் இது. நெல் அறுத்த வயலில் கோடையில் விதைத்தால் அதிகத் தண்ணீர் கேட்காமல் விளையும். மண்ணுக்குத் தழைச்சத்தும் கொடுத்துவிட்டுப் போகும். கேரள வேளாண் பல்கலைக்கழகம் தந்த ‘கனகமணி’ காயாகவும் பயறாகவும் பயன்படும் ரகம். காஞ்சிரங்குளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் வெள்ளாயணி வேளாண் கல்லூரி நீளப்பயறில் ‘வெள்ளாயணி ஜ்யோதிகா’ ரகத்தைத் தந்திருக்கிறது. ஓணச் சத்யாவின் ஓலனிலும், மத்தன் சேர்த்த எரிசேரியிலும் கிடப்பது வன்பயறுதான்.

100 கிராம் உலர்ந்த வன்பயறில் 20 கிராமுக்கு மேல் புரதம், 11 கிராமுக்குக் குறையாத நார்ச்சத்து. கருவில் வளரும் குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் சரியாக உருவாகத் தேவைப்படும் ஃபோலேட்டும் இதில் தாராளம். சமையல் சூட்டில் ஃபோலேட்டின் ஒரு பகுதி போய்விடும் என்றாலும், மிஞ்சுவதும் குறைவில்லை. கர்ப்பிணிகள் இதை நம்பி மருத்துவர் கொடுத்த ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கடையில் ஒரு கவனம் தேவை. சிவந்த வன்பயறையும் ராஜ்மாவையும் மாற்றிச் சொல்பவர்கள் உண்டு. வன்பயறு சிறியது, நடுவில் கண் போலொரு பொட்டு இருக்கும். ராஜ்மா பெரியது, சிறுநீரக வடிவம், அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த வேறு இனம். மெக்சிகோவின் பின்டோவுக்கு நெருங்கிய உறவு ராஜ்மாதான். ஆகவே அசல் ருசி வேண்டுமென்று ராஜ்மா வாங்குகிறவர்கள் அடுத்த பகுதியைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

சூடாறாப்பெட்டியில் ராஜ்மா வேண்டாம்

2006 மே மாதம் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி உடல் எடை குறைக்க வழி சொன்னது. வெள்ளை ராஜ்மாவை மூன்று நிமிடம் வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்துச் சோற்றில் தூவிச் சாப்பிடச் சொன்னார்கள். அன்றிரவே வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் புகார்கள் குவிந்தன. நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள், பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். பிரிட்டனில் 1976 தொடங்கி நடந்த இதுபோன்ற சம்பவங்களை 1980-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் தொகுத்து வெளியிட்டிருந்தது. அங்கே காரணம், ஊறவைத்து வேகவைக்காமலோ அரைகுறையாக வேகவைத்தோ சாப்பிட்ட சிவப்பு ராஜ்மா.

குற்றவாளியின் பெயர் ஃபைட்டோஹீமக்ளூட்டினின். லெக்டின் என்ற புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு தொல்லை செய்யும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வின் கணக்கில் பச்சைச் சிவப்பு ராஜ்மாவில் இதன் அளவு 20,000 முதல் 70,000 அலகு; முழுதாக வெந்தபின் 200 முதல் 400 மட்டுமே. நான்கைந்து பச்சை விதைகளே சிலருக்குப் போதும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் குமட்டல் ஆரம்பித்துவிடும்.

இதில் விபரீதமான விஷயம், மிதமான சூடு இந்த நஞ்சை அழிப்பதில்லை. 80 டிகிரி வரை மட்டும் சூடேறிய ராஜ்மா, பச்சை ராஜ்மாவைவிட ஐந்து மடங்கு வரை நச்சுத்தன்மை கூடியதாக ஆகலாம் என்று அதே எஃப்.டி.ஏ. எச்சரிக்கிறது. இங்கேதான் கேரளத்து அடுக்களைக்கே உரிய ஒரு சங்கதி வருகிறது: சூடாறாப்பெட்டி. விறகும் கேஸும் மிச்சப்பட வேண்டுமென்று கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஊர் ஊராகக் கொண்டுபோன அருமையான கருவி. ஒரு கொதி வந்த அரிசியைப் பெட்டிக்குள் வைத்து மூடினால் சோறு தானே வெந்துவிடும். அரிசிக்குச் சரி. ராஜ்மாவை ஒரு கொதியோடு இறக்கிப் பெட்டிக்குள் வைத்தால், உள்ளே சூடு மெல்ல மெல்ல இறங்கும். பயறு மெத்தென்று ஆகியிருக்கும், நஞ்சு அப்படியே இருக்கும். மின்சார ஸ்லோ குக்கருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வழி எளிது. ராஜ்மாவைக் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்க விட வேண்டும். பிரஷர் குக்கரில் சூடு 100 டிகிரியைத் தாண்டுவதால் விசில் வைத்து நன்றாக வேகவைத்தாலே பயமில்லை. வன்பயறில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மசியலுக்கு வன்பயறைச் சிபாரிசு செய்ய இதுவும் ஒரு காரணம்.

ஊறவைத்தால் வாயு குறையுமா?

குறையும், மறையாது. பயறிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. அவை பெருங்குடல் வரை அப்படியே போய்ச் சேர, அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்குகின்றன. இந்தச் சர்க்கரைகள் நீரில் கரைபவை. எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் ஒரு பங்கு வெளியேறிவிடும். கூடச் சில வைட்டமின்களும் கொஞ்சம் போகும்தான்; வயிறு உப்பிப் பயறையே ஒதுக்குவதைவிட அந்த நஷ்டம் சிறியது.

வின்ஹாம், ஹட்சின்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட முடிவு பயறுப் பிரியர்களுக்கு ஆறுதலானது. தினமும் அரைக் கப் பயறு சாப்பிட்டவர்களில், பின்டோவுக்கு முதல் வாரம் பாதிப் பேர் வாயு கூடியதாகச் சொன்னார்கள். கருங்கண் காராமணிக்கு அப்படிச் சொன்னவர்கள் 19 சதவீதம்தான். வாரங்கள் போகப் போகப் பெரும்பாலானவர்களுக்கு வயிறு பழகிவிட்டது. அதனால் பயறுப் பழக்கம் இல்லாதவர் முதல் நாளே பெரிய கிண்ணத்தோடு உட்காராமல், ரெண்டு மூன்று கரண்டியில் தொடங்குவது நல்லது. அந்த வாயுவோடு சேர்ந்தே குடல் செல்களுக்குத் தீனியாகும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களும் உருவாகின்றன.

சீக்கிரம் வேகட்டும் என்று சமையல் சோடா போடுகிறவர்கள் உண்டு. பயறு குழைந்துவிடும், தயமின் என்ற பி1 வைட்டமின் அழிந்துபோகும், சோடியமும் ஏறும். பயறு வேகாமல் அடம்பிடித்தால் அது பழைய சரக்காக இருக்கலாம். இந்தக் கடலோர ஈரப்பதத்திலும் வெக்கையிலும் மாதக்கணக்கில் கிடந்த பயறின் தோலும் பருப்பும் இறுகிவிடும். கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருந்தாலும் அப்படித்தான். புளி, தக்காளி எதுவானாலும் பயறு வெந்தபிறகே சேர வேண்டும்; புளிப்பு பட்டால் வேகும் வேகம் குறைந்துவிடும்.

மத்தா, மிக்சியா?

மசித்த பயறு சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாதா என்ற சந்தேகம் நியாயமானது. விடை, எப்படி மசிக்கிறோம் என்பதில் இருக்கிறது. பயறின் மாவுச்சத்து நுண்ணிய செல்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. வெந்த பயறை மத்தால் மசிக்கும்போது பெரும்பாலும் செல்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிகின்றன, சுவர் உடைவதில்லை. மாவு உள்ளேயே பத்திரமாக இருப்பதால் செரிமானம் நிதானமாக நடக்கிறது. காய்ந்த பயறை மில்லில் கொடுத்து மாவாக்கிச் சமைத்தால் அந்தச் சுவர்கள் நொறுங்கிவிடும்.

லண்டன் கிங்ஸ் கல்லூரியும் நார்விச்சின் குவாட்ரம் நிறுவனமும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், செல் உடையாத கொண்டைக்கடலைத் தூளைக் கோதுமை மாவுக்குப் பதிலாக ரொட்டியில் சேர்த்தபோது, சாப்பிட்டபின் ரத்தச் சர்க்கரை ஏறுவது 40 சதவீதம் வரை குறைந்தது. மத்துக்குச் சாதகமான சாட்சி இது. மிக்சியில் வழவழவென்று அடிப்பதைவிட, அங்கங்கே முழுப்பயறு தட்டுப்படும் பதம் நாக்குக்கும் நல்லது.

பயறுக்கு இன்னொரு குணமும் உண்டு. டொரொன்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு 1980களின் தொடக்கத்தில் கண்டது: காலையில் மசூர் போன்ற பருப்பு சாப்பிட்டவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் சர்க்கரை ஏற்றம் மட்டுப்பட்டது. புட்டோடு பயறு சேர்த்த முன்னோருக்கு இந்த ஆய்வு தெரியாது. சேர்க்கை சரியாக அமைந்திருக்கிறது. என்ன, ஒரு குற்றிப் புட்டுக்கு ஒரு கரண்டிப் பயறு என்றால் பலன் கிடைக்காது. பாதிக் குற்றிப் புட்டும் ஒரு கிண்ணப் பயறும் என்று திருப்பிப்போட வேண்டும். கூடவே வரும் பப்படம் உப்பும் பப்படக்காரமும் சேர்ந்த பண்டம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பன்றிக்கொழுப்பும் தேங்காயெண்ணெயும்

மெக்சிகோவின் பழைய முறையில் மசியலுக்கு மணம் தருவது பன்றிக்கொழுப்பு. அதைக் கேட்டு முகம் சுளித்து, “நாங்கள் தேங்காயெண்ணெயில் செய்வோம், அது ஆரோக்கியம்” என்பவர்களுக்கு ஒரு கசப்பான கணக்கு இருக்கிறது. பன்றிக்கொழுப்பில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 40 சதவீதம். தேங்காயெண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல். கெட்ட கொலஸ்டிரால் என்று சொல்லப்படும் எல்டிஎல்லை உயர்த்துவது நிறைவுற்ற கொழுப்பு.

இதற்காகத் தேங்காயெண்ணெயை வீட்டைவிட்டுத் துரத்த வேண்டியதில்லை. தென் திருவிதாங்கூரில் அந்த மணம் இல்லாத பயறை யாரும் தொடவும் மாட்டார்கள். அளவைப் பிடித்தால் போதும். நான்கு பேருக்கான மசியலை இரண்டு தேக்கரண்டியில் தாளித்துவிடலாம். ‘ஃப்ரிஹோலெஸ் ரெஃப்ரிடோஸ்’ என்ற பெயருக்கு ‘வறுத்த பயறு’ என்று பொருள் என்பதால் எண்ணெய் மிதக்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் இல்லை. பயறு வெந்த தண்ணீரே மசியலுக்கு வழவழப்பைக் கொடுக்கும்.

உப்பிலும் இதே கதை. டப்பா மசியல்கள் பலவற்றில் அரைக் கப்புக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் சோடியம். உப்புக் கணக்கில் ஒரு கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. வீட்டுச் சமையலில் உப்பைக் கடைசியில், ருசி பார்த்துப் போட்டால் பாதியே போதுமாகிறது.

அடுப்பில்

நான்கு பேருக்கு 200 கிராம் வன்பயறு. ராத்திரி மூழ்க ஊறவைத்து, காலையில் தண்ணீரைக் கொட்டிக் கழுவி, புதுத் தண்ணீரில் குக்கரில் மூன்று நான்கு விசில். மண்சட்டியில் என்றால் முக்கால் மணி நேரம் வரை ஆகலாம். விரலால் நசுக்கினால் வெண்ணெயாக மசிய வேண்டும். வெந்த தண்ணீரை வடித்து ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

சீனச்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் சீரகம், சதைத்த பூண்டு நாலு பல், பொடியாக அரிந்த உள்ளி ஒரு கைப்பிடி. உள்ளி பொன்னிறமாகட்டும், அவசரப்பட்டால் மணம் வராது. காரத்துக்கு ரெண்டு வற்றல்மிளகாயைச் சதைத்துப் போடலாம், காந்தாரி மிளகாய் கிடைத்தால் இன்னும் விசேஷம். பிறகு பயறைக் கொட்டி, சட்டியிலேயே மத்தால் மசித்து, எடுத்துவைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளற வேண்டும். ஓரத்தில் ஒட்டாமல் திரண்டு வரும்போது உப்பு. அடுப்பை அணைத்தபின் எலுமிச்சை பிழிந்து, மல்லித்தழை தூவி இறக்கலாம். ஆறினால் இறுகும் என்பதால் கொஞ்சம் தளர்வாகவே இறக்குவது நல்லது. மெக்சிகோவில் வாயுவுக்கென்று எபாசோட்டே என்ற தழையைப் போடுவார்கள். இங்கே அந்த இடத்தில் பூண்டும் சீரகமும் இருக்கின்றன, பெருங்காயமும் சேர்க்கலாம்.

ஒருவர் பங்குக்கு 50 கிராம் பயறு, சுமார் 10 கிராம் புரதம்.

எலுமிச்சை ருசிக்கு மட்டுமல்ல. பயறிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்றுக்கொள்ளாது. வைட்டமின் சி கூட இருந்தால் அதிகம் ஏற்கும். சூட்டில் சி அழியும் என்பதால்தான் அடுப்பை அணைத்தபின் பிழிவது. சாப்பிட்ட கையோடு ஒரு சாயா குடிக்கும் வழக்கம் இதற்கு நேர் எதிர் வேலை செய்கிறது. தேயிலையின் டானின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ரத்தசோகை உள்ள பெண்களும் வளரும் பிள்ளைகளும் சாயாவை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் பயறின் பலன் முழுதாகச் சேரும்.

யாருக்குக் கவனம்? மிச்சத்தை என்ன செய்ய?

பல் போன முதியவர்களுக்கும், ஆறு மாதம் தாண்டிய குழந்தைகளுக்கும் மசியல் வசதியான உணவு. குழந்தைக்கு உப்பும் காரமும் போடாமல் தனியாக எடுத்துவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பயறிலுள்ள பொட்டாசியமும் புரதமும் எவ்வளவு வரை ஆகலாம் என்பதை அவர்களுடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஊறவைத்த தண்ணீரையும் வெந்த தண்ணீரையும் கொட்டினால் பொட்டாசியம் ஓரளவு குறையும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் அரிசியைச் சட்டென்று குறைத்துப் பயறைக் கூட்டும்போது, மருந்தின் அளவையும் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது, சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களில் சிலருக்கு எவ்வளவு ஊறவைத்தாலும் பயறு ஒத்துக்கொள்ளாது. அவர்கள் வற்புறுத்திச் சாப்பிட வேண்டியதில்லை.

வெந்த பயறும் சோறும் பாசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவுக்குப் பிடித்த இடங்கள். அதன் வித்துகள் கொதியிலும் சாகாமல் தப்பும்; வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடந்தால் பெருகி நஞ்சு உண்டாக்கும், அந்த நஞ்சில் ஒரு வகை மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் மசியலைப் பரந்த தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மூன்று நாள் தாங்கும். எடுத்துச் சூடாக்கும்போது கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் கிளறி, ஆவி பறக்கும் வரை காயவைத்தால் பழைய பதத்துக்கு வந்துவிடும்; ஒருமுறை சூடாக்கியதை மறுபடி ஃபிரிட்ஜுக்குள் வைக்காமல் அப்போதே தோசைக்குள் வைத்து முடித்துவிடலாம்.